அடுத்த வீட்டில் யாருக்கு இடம்?



தாம்பரத்தைச் சுற்றி வாழும் நம்மில் பெரும்பாலோர் எங்கிருந்தோ குடிவந்தவர்கள்தாம். ரயில்வே வேலைக்கும், விமானப்படைத் தளத்துக்கும், பின்னாளில் ஐ.டி. நிறுவனங்களுக்கும் வந்த குடும்பங்களால் வளர்ந்த ஊர் இது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், அனகாபுத்தூர், பம்மல், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து மாநகராட்சியாயின. மனை விலையைப் பற்றிப் பேசாத வீடு இன்று இல்லை. ஆனால் நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் சகோதரி, தெருவில் குப்பை அள்ளும் சகோதரர், நம் கட்டடத்துக்குக் கல் சுமந்த சித்தாள் ஆகியோர் இந்த ஊரில் எங்கே குடியிருப்பது? இந்தக் கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை.

சட்டம் கேட்டிருக்கிறது. 1 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு, மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர், சாலைகள் போக மீதியில் 10 விழுக்காட்டைப் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான சிறு மனைகளாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008ல் வந்தபோது, பெரிய அடுக்குமாடித் திட்டங்களுக்கும் இதைப் போன்ற கடமை வைக்கப்பட்டது. நிலத்தில் 10 விழுக்காட்டில், ஒவ்வொன்றும் 45 சதுர மீட்டருக்கு மிகாத வீடுகளைக் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்குக் கட்ட வேண்டும். அதே இடத்தில் இல்லையென்றால் 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கட்ட வேண்டும்.

இந்த 2 கிலோமீட்டர் என்பது சிறிய விஷயம் அல்ல. ஏழை எங்கோ ஓரிடத்தில் வாழட்டும் என்று அது சொல்லவில்லை. உங்கள் பக்கத்தில் வாழட்டும் என்றது. அதே பேருந்து நிறுத்தம், அதே பள்ளிக்கூடம், அதே ஆலய மணி.

பின்னாளில் அடுக்குமாடித் திட்டங்களுக்கு வேறு வழி திறக்கப்பட்டது. வீடு கட்டித் தருவதற்குப் பதிலாக, ஷெல்டர் ஃபண்ட் எனப்படும் உறைவிட நிதிக்குக் கட்டணம் செலுத்தினால் போதும் என்ற முறை வந்தது. இதற்கும் நியாயம் சொல்லப்படுகிறது. தனியார் கட்டும் சிறு வீடுகள் உரியவருக்குப் போய்ச் சேருவதில்லை. பணமாக வாங்கினால் அரசு அதிக வீடுகளைக் கட்டலாம் என்கிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பணத்தில் கட்டும் வீடுகள் எங்கே எழும்பும்? நிலம் எங்கே மலிவோ அங்கேதான்.

அதன் பொருளை நம் பகுதி நன்றாக அறியும். நகரத்தின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் 2000 முதல் கண்ணகி நகரில் குடியேற்றப்பட்டார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடற்கரை மக்கள் பலர் செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்தவர்கள் பெரும்பாக்கம் வந்தார்கள். கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேற்பட்டவை. 2025 மே மாதத்தில் நம் மாநகராட்சிக்குள்ளேயே, நெசவுக்குப் பெயர்பெற்ற அனகாபுத்தூரில், அடையாற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டன. அந்தக் குடும்பங்களுக்குக் கீரப்பாக்கம், தைலாவரம், பெரும்பாக்கம் போன்ற இடங்களில் வீடு ஒதுக்கப்பட்டது.

இம்மக்களுக்குக் கான்கிரீட் கூரை கிடைத்தது; அதை நாம் மறுக்க வேண்டாம். ஆற்றங்கரையில் வெள்ள அபாயம் இருந்ததும் உண்மையே. ஆனால் வீடு என்பது கூரை மட்டும் அன்று. வீட்டு வேலைக்குப் போன தாய்க்கு வேலை பழைய இடத்தில். வீடு 20 கிலோமீட்டருக்கு அப்பால். பேருந்துச் செலவும் நேரமும் கூலியைத் தின்றுவிட, வேலையை விட்டவர்கள் உண்டு. கல்வியாண்டின் நடுவில் இடம் மாறிய பிள்ளைகள் படிப்பை நிறுத்தியதும் உண்டு. விண்ணப்பத்தில் கண்ணகி நகர் என்று முகவரி எழுதியதால் வேலை மறுக்கப்பட்டதாக அங்குள்ள இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். வறியவர்களை ஒரே இடத்தில் குவித்துவிட்டு, பிறகு அந்த இடத்தின் பெயரைக் கேட்டே நாம் முகம் சுளிக்கிறோம்.

இடத்தைப் பற்றிய இன்னொரு வருத்தமும் உண்டு. மலிவான நிலம் பெரும்பாலும் தண்ணீரின் நிலம். செம்மஞ்சேரியில் மழைக்காலந்தோறும் நீர் சூழ்கிறது. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் 1,247 ஹெக்டேர் 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள், ஆய்வு முடியும் வரை, கட்டுமானங்களுக்குத் திட்ட அனுமதி வழங்கக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2025 செப்டம்பரில் உத்தரவிட்டபோது, கடன் வாங்கி மனை வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் கலங்கின. அவர்கள் கலக்கம் நியாயமானது. சதுப்புநிலம் காக்கப்பட வேண்டும் என்பதும் நியாயமானது. அப்படியானால் கட்டுவதற்கு ஏற்ற மேட்டு நிலம் இன்னும் அரிதாகும், விலை ஏறும். அந்த மேட்டு நிலத்தில் ஏழைக்குரிய பங்கை இப்போதே உறுதி செய்யாவிட்டால், அவருக்கு மறுபடியும் பள்ளமே மிஞ்சும்.

இந்த வழக்கு நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மவுண்ட் லாரல் என்ற ஊர், ஏழைகள் குடியேற முடியாதபடி நிலப் பயன்பாட்டு விதிகளை வகுத்திருந்தது. 1975ல் அம்மாநில உச்ச நீதிமன்றம், வளரும் ஒவ்வொரு நகராட்சியும் எளியவர் வீடுகளில் தன் நியாயமான பங்கை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1985ல் வந்த சட்டமோ, வசதியான ஊர்கள் தம் கடமையில் பாதி வரை, பணம் கொடுத்து வேறு ஊர்களுக்கு மாற்றிவிட அனுமதித்தது. ஏழைகள் மறுபடியும் ஏழை ஊர்களிலேயே குவிந்தார்கள். 2008ல் அந்த ஏற்பாட்டை மாநிலமே ரத்து செய்தது. பணம் கொடுத்து அயலாரை அகற்றிவிடலாம் என்ற எண்ணத்தை அவர்கள் பட்டுத்தான் கைவிட்டார்கள்.

திருஅவையின் போதனை இதில் தெளிவானது. உணவு, உடையோடு உறைவிடத்தையும் மனித உரிமையாகத் திருத்தந்தை புனித 23ம் யோவான் 1963ல் 'அவனியில் அமைதி' என்ற சுற்றுமடலில் எழுதினார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2014ல் மக்கள் இயக்கங்களைச் சந்தித்தபோது நிலம், கூரை, வேலை மூன்றையும் புனித உரிமைகள் என்றார். 'இறைவா உமக்கே புகழ்' மடலில், குடியிருப்புகளை மாற்றியே தீர வேண்டுமானால், அம்மக்களுக்கு முன்கூட்டியே தகவலும் மாற்று வழிகளும் தரப்பட்டு, முடிவில் அவர்களும் பங்கேற்க வேண்டும் என்று வலியுறுத்தினார்.

நமக்கு அச்சங்கள் உண்டு. மனை மதிப்பு குறையுமோ, தண்ணீர் போதுமோ, பிள்ளைகள் கெட்டுப்போவார்களோ என்கிறோம். தண்ணீர்ப் பஞ்சம் உண்மைதான். ஆனால் நாலு படுக்கையறை வீடுகள் வரும்போது நாம் அதைக் கேட்பதில்லை. நம் வீட்டுச் சாவியை நம்பிக் கொடுக்கும் ஒருவரை, அடுத்த தெருவில் குடிவைக்க அஞ்சுவது என்ன நியாயம்?

நாம் செய்யக்கூடியவை சில. நம் பகுதியில் பெரிய மனைப்பிரிவு வரும்போது, நலிந்தோருக்கான மனைகள் வரைபடத்தில் எங்கே, அவை யாருக்கு விற்கப்படுகின்றன என்று பகுதி சபையிலும் கிராம சபையிலும் கேட்கலாம். மூன்றாவது மாஸ்டர் பிளானுக்காக 2022ல் மக்கள் கருத்து கேட்கப்பட்டது. இனி அத்தகைய வாய்ப்பு வரும்போது நம் அன்பியங்கள் மனு எழுதலாம். குடியிருப்போர் சங்கத்தில் எதிர்ப்புத் தீர்மானம் வந்தால், ஒருவராவது எழுந்து பேசலாம். வாடகைக்கு வீடு விடும் நாம், சாதியையும் தொழிலையும் பழைய முகவரியையும் பார்த்துக் கதவை அடைப்பதை நிறுத்தலாம். இது எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

பிறருக்கு இடமே மிஞ்சாதபடி வீடும் நிலமும் குவிப்பவர்களை இறைவாக்கினர் எசாயா கண்டிக்கிறார் (எசா 5:8). முடிவில் அவர்களுக்கு நேர்வது என்ன? நாட்டில் அவர்கள் மட்டும் தனியே வாழ்வார்கள். உயர்ந்த மதில் எழுப்பி நாம் விலை கொடுத்து வாங்கும் அந்தத் தனிமையை, இறைவாக்கினர் சாபம் என்கிறார். அதை உணர்ந்து, அயலாருக்கு இடம்விடும் மனத்தை இறைவன் நமக்குத் தருவாராக.