கொல்லைப்புறக் குற்றாலம் ஏன் வற்றுகிறது?

சாரல் தொடங்கிவிட்டால் மலையடிவார ஊரான ராயகிரியில் இருப்பவர்களுக்குக் குற்றாலம் போய் வராமல் இருப்புக் கொள்ளாது. போய் வந்த பிறகு, வீட்டுக் கொல்லையிலும் ஓர் அருவி இருந்தால் என்ன என்ற ஆசை சிலருக்கு எழுகிறது. நாலு பாறைக் கல், ஒரு தொட்டி, ஒரு சிறிய மோட்டார் இருந்தால் போதும், அருவி தயார்! தொல்லை வருவது அதற்குப் பிறகுதான். மாலையில் நிரம்பியிருந்த தொட்டி காலையில் அரைத் தொட்டியாகிவிடுகிறது.

பத்தடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள தொட்டியில் ஓர் அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 140 லிட்டர், அதாவது பத்துக் குடம் போயிற்று என்று அர்த்தம். கோடையில் பத்துக் குடம் என்பது ஒரு வீட்டின் புழக்கத்துக்கே காணும்.

உடனே கொத்தனாரைக் கூப்பிட்டுத் தொட்டி முழுவதும் சிமெண்டு பூசச் சொல்லுவது வழக்கம். பெரும்பாலும் அது வீண் செலவு. முதலில் மோட்டாரை நிறுத்திவிட்டு, நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டு, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, அதிலும் கோடு போடுவது நல்லது. இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் குற்றம் வெயிலையும் காற்றையும் சேர்ந்தது. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் மேல்காற்று லேசானதல்ல. தென்காசி வட்டாரத்துக் காற்றாலைகள் அதன் தயவில்தான் சுற்றுகின்றன. விழும் நீரை அது திவலை திவலையாகத் தொட்டிக்கு வெளியே கொண்டு போய்விடும்.

மோட்டார் ஓடும்போது மட்டும் நீர் குறைகிறதா? அப்படியானால் தொட்டியைத் தொட வேண்டாம். ஒழுக்கு அருவியில் இருக்கிறது, அல்லது குழாயில் இருக்கிறது. கல்லின் விளிம்பில் வந்த நீர் நேரே கீழே விழாமல், கல்லின் அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டு பின்னால் ஓடிவிடும். விளிம்புக் கல்லை முன்பக்கம் சற்றே சாய்த்து வைத்து, கல்லுக்குப் பின்னால் உள்ள சந்தை அடைத்தால் போதும்.

குளத்தங்கரைகளைப் பார்த்துப் பழகிய விவசாயிகளுக்கு இந்தச் சூட்சுமம் தெரியும். நண்டு வளையும் எலி வளையும் ஒருபுறம் இருக்க, கரையில் அடிக்கடி கசியும் இடம், மடையின் கல்கட்டு மண்ணோடு சேரும் இடந்தான். வீட்டுத் தொட்டியிலும் குழாய் சுவரைத் துளைத்து வரும் இடம், பாறை பூச்சில் உட்காரும் இடம் என்று சேர்மானங்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கரையில் கசியும் நீர் தெளிவாக இருக்கும்வரை ஊர் அவ்வளவாகப் பயப்படாது; கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று மண்வெட்டியோடு ஓடும். கொல்லை அருவியின் பின்புறம் சேறு கசிந்தாலும் அலட்சியம் கூடாது. பாறைகள் சரியலாம், பக்கத்தில் வீட்டுச் சுவர் இருந்தால் அஸ்திவாரத்துக்கும் கேடு.

மோட்டார் நின்ற பிறகும் மட்டம் இறங்கினால், மீன்களை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, இறங்குகிறவரை விட்டுவிட வேண்டியதுதான். எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அந்த வரியை ஒட்டியே ஓட்டை இருக்கும். சந்தேகமான இடத்தருகே, அசையாத நீரில் சில துளி பாலை மெல்ல விட்டால், வெள்ளை இழை விரிசலுக்குள் இழுபடுவது கண்ணுக்கே தெரியும்.

விரிசலின் மேல் வெறுமனே சாந்தைத் தடவினால் நிற்காது. உளியால் கொத்தி அகலப்படுத்தி, கழுவி, நனைத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணலும் நீர் புகாத கலவை மருந்தும் சேர்த்து அடைத்து, ஒரு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கரிசல் நிலத்தில் இதுவும் போதாமற் போகலாம். அந்த மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்குவதால் சிமெண்டு மறுபடி வெடிக்கும். அங்கே வளைந்து கொடுக்கும் கனத்த ரப்பர் விரிப்பே மேல்.

மீன்களைத் திரும்ப விட அவசரப்படக் கூடாது. புதுச் சிமெண்டின் காரம் மீன்களைக் கொன்றுவிடும். தொட்டியை இரண்டு மூன்று தடவை நிரப்பி வடித்துவிட வேண்டும். வடித்த தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றாமல் இருப்பது உத்தமம்.