பிளாக்செயின் வந்தால் போலிப் பத்திரம் ஒழியுமா? மனை வாங்கும் முன் இதைப் படியுங்கள்!

சென்னை – கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் பெரியபாளையத்துக்குச் சாலை பிரியும் இடம், புதுவாயல். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். பக்கத்துத் தச்சூரிலோ, எண்ணூர் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் வரை போகும் சென்னை எல்லைச் சாலையும், சித்தூருக்குப் போகும் ஆறுவழிச் சாலையும் சேர்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் நிலத்தின் மதிப்பு ஏறும். கூடவே வில்லங்கமும் ஏறும்.

நகையை அடகு வைத்து, பி.எஃப். பணத்தை எடுத்து ஒரு மனை வாங்கப் போகும் குடும்பத்துக்கு ராத்திரி தூக்கம் வராது. ‘விற்கிறவர் பெயரில்தான் இடம் இருக்கா? இதே மனையை வேற யாருக்காவது வித்திருப்பாரோ?’ இந்தப் பயத்துக்கு இப்போது மருந்தாகச் சொல்லப்படும் பெயர்தான் பிளாக்செயின்.

சொல்லியிருப்பது உச்ச நீதிமன்றம். பீகார் பத்திரப்பதிவு விதிகள் தொடர்பான வழக்கில் 2025 நவம்பரில் தீர்ப்பளித்த நீதிபதிகள், நாட்டின் சிவில் வழக்குகளில் சுமார் 66 சதவிகிதம் சொத்துத் தகராறுகள்தான் என்ற மதிப்பீட்டைச் சுட்டிக்காட்டினார்கள். நிலப் பதிவில் பிளாக்செயினைப் பயன்படுத்துவது பற்றி ஆராயும்படி சட்ட ஆணையத்தையும் கேட்டுக்கொண்டார்கள்.

மொய் நோட்டுதான் பிளாக்செயின்!

கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் முடிந்ததும் கூட்டுத்தொகை போட்டு, அதை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதுவோம். யாராவது மூன்றாம் பக்கத்தில் 500-ஐ 5,000 என்று திருத்தினால், நான்காம் பக்கத்தின் தலையில் இருக்கும் தொகை காட்டிக்கொடுத்துவிடும். இப்போது அதே நோட்டைப் பத்துப் பேர் பத்து இடத்தில் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திருத்த நினைப்பவர் பத்து நோட்டையும் திருத்தியாக வேண்டும். அது நடக்கிற காரியமா?

பிளாக்செயினும் இதேதான். பக்கத்துக்குப் பதில் ‘பிளாக்’. கூட்டுத்தொகைக்குப் பதில், கணினி போடும் ஒரு கணக்குக் குறியீடு. எழுதிய பதிவை யாருக்கும் தெரியாமல் பின்னால் மாற்ற முடியாது.

தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்லை. 2020-லேயே மாநில அரசு பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டது. தமிழ்நாடு மின் ஆளுமை முகமை ‘நம்பிக்கை இணையம்’ என்ற பிளாக்செயின் கட்டமைப்பை உருவாக்கியிருக்கிறது. நம் சான்றிதழ்களைப் போனிலேயே வைத்துக்கொள்ள உதவும் ‘இ-பெட்டகம்’ செயலி அதை நம்பித்தான் இயங்குகிறது.

ஆனால், ஒரு சிக்கல்

மொய் நோட்டின் முதல் வரியையே ஒருவர் பொய்யாக எழுதினால்? பத்து நோட்டிலும் அந்தப் பொய்தான் பத்திரமாக இருக்கும்.

நம் ஊரில் நடக்கும் நில மோசடிகளில் பல, எழுதிய பதிவைத் திருத்தி நடப்பவை அல்ல. ஆள்மாறாட்டம், போலி பவர், வாரிசுகளில் ஒருவரை மறைத்து வாங்கிய சான்றிதழ் என்று எழுதும்போதே பொய்யாக எழுதப்படுபவை.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி நாம் பதிவது ‘இவர் இவருக்கு எழுதிக் கொடுத்தார்’ என்ற ஆவணத்தைத்தான். ‘இந்த இடம் இவருடையதுதான்’ என்று அரசு தரும் உத்தரவாதம் அல்ல அது. தமிழ்நாட்டின் பதிவு விதி 55ஏ(1)-ஐ 2025 ஏப்ரலில் ரத்து செய்தபோது, விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது அந்தச் சட்டப்படி சார்பதிவாளரின் வேலை இல்லை என்று உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொன்னது.

போதாததற்கு, பத்திரம் ஒரு துறையில், பட்டா இன்னொரு துறையில். இரண்டிலும் வேறு வேறு பெயர் இருந்தால், பிளாக்செயின் எதை உண்மை என்று எடுத்துக்கொள்ளும்?

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. ஜார்ஜியா நாடு 2004-லிருந்தே நிலப் பதிவைச் சீர்திருத்திவிட்டு, அதன்பின் 2016-ல்தான் பிளாக்செயினைத் தொட்டது. அங்கே வேலை நடந்தது. 2015-ல் பரபரப்பாக அறிவித்த ஹோண்டுராஸில் திட்டம் பாதியிலேயே நின்றது. வீட்டைச் சுத்தம் செய்தபிறகு பூட்டு வாங்குவதுதானே முறை?

அதுவரை நாம் செய்ய வேண்டியது

* பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகவே பார்க்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள்.

* பட்டா, ‘அ’ பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் வருவாய்த்துறையின் இணையச் சேவையில் எடுத்து, பத்திரத்தின் சர்வே எண்ணோடு ஒப்பிடுங்கள். இடம் புறம்போக்கா, நீர்நிலையா என்பதை ‘அ’ பதிவேடு சொல்லிவிடும்.

* தாய்ப்பத்திரத்தின் அசலைக் கேளுங்கள். ‘பேங்க்ல இருக்கு’ என்றால் கடன் விவரத்தைக் கேளுங்கள்.

* பவர் வைத்திருப்பவர் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்று உறுதி செய்யுங்கள். முடிந்தால் அவரை நேரில் பாருங்கள்.

* மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி. அல்லது சி.எம்.டி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா, சாலைத் திட்டத்துக்கு நிலம் எடுக்கப்படும் சர்வே எண்ணா என்றும் விசாரியுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு மட்டுமல்ல, ஏற்கெனவே நிலம் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! சாலைக்கு நிலம் எடுக்கும்போது இழப்பீட்டுக்காக வாரிசுகள் அலைவது அதனால்தான். அத்தை, சித்தப்பா எல்லோரும் பேசும் நிலையில் இருக்கும்போதே உட்கார்ந்து பேசி, பட்டாவை மாற்றிவிடுங்கள்.

நாளைக்கு பிளாக்செயின் வந்து எல்லாவற்றையும் பூட்டும்போது, பூட்டுக்குள் இருப்பது சரியான பெயராக இருக்க வேண்டும். அதற்கான வேலை இன்றைக்கு நம் கையில்தான் இருக்கிறது.