கவுன்டர் ஓரத்து விமர்சகர்கள்

தி.ஜானகிராமன் நாவல் ஒன்றை அலமாரியிலிருந்து உருவினால் பக்கத்தில் நிற்பவர் சும்மா இருக்க மாட்டார். அதுவும் 'அம்மா வந்தாள்' என்றால் கேட்கவே வேண்டாம். "எடுத்துண்டு போங்கோ, ஆனா உங்க மாமியார் கண்ணுல படாம படிங்கோ" என்பார் ஒரு மாமி. "அதெல்லாம் அந்தக் காலம் மாமி. இப்ப டி.வி. சீரியல்ல வர்றதைவிடவா?" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல் கிளம்பும். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கத்து வாடகை நூலகங்களில் பழகியவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. பேசுகிறவர் பெயர் தெரியாது, வீடு தெரியாது. போன வாரம் அவர் எந்தப் புத்தகத்தைத் திட்டினார் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

லாயிட்ஸ் சாலை இன்று அவ்வை சண்முகம் சாலை. 1955-ல் அங்கே டி.என்.பழனி தொடங்கிய ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரியைத் தென்சென்னையில் தெரியாதவர்கள் குறைவு. முன்பணம் கட்டி, புத்தகத்துக்கு வாடகை கொடுத்துப் படிக்கிற முறை. இப்படிப் படிப்பவரின் கருத்தில் ஒரு கறார் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவர், வாங்கிய குற்றத்துக்காகவாவது "பரவாயில்லை" என்பார். ஆசிரியர் கையெழுத்துப் போட்டு இலவசமாகக் கொடுத்த பிரதியைப் படித்தவர் புகழ்ந்துதான் தீர வேண்டும். வாடகைக்கு எடுத்தவருக்கு இரண்டு கடமையும் கிடையாது. திருப்பிக் கொடுக்கும்போதே தீர்ப்பு வந்துவிடும்: "வழவழா", "முடிவு சப்புனு போச்சு", "ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் கீழே வெச்சேன்."

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, "பாதியில வெச்சுட்டேன் சார்." பத்திரிகையில் மதிப்புரை எழுதுகிறவர் இதைச் சொல்லவே முடியாது. பாதியில் வைத்திருந்தாலும் முழுக்கப் படித்த மாதிரிதான் எழுதியாக வேண்டும். ஆனால் அடுத்து அதே புத்தகத்தைக் கையில் எடுப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை.

வாயால் சொல்லாதவர்கள் பென்சிலால் சொல்வார்கள். வார இதழ்த் தொடர்களைக் கிழித்து பைண்டு செய்த பழைய தொகுதிகளைப் புரட்டினால், ஜோக்குகளுக்கும் தலைவலித் தைல விளம்பரங்களுக்கும் நடுவே ஓரத்தில் 'ஆஹா', 'பொய்', 'இவளுக்கு வேணும்' என்று யார் யாரோ எழுதியிருப்பார்கள். மர்மக் கதைகளில் இந்தப் பழக்கம் ஆபத்தானது. மூன்றாம் பக்கத்திலேயே ஒரு பாத்திரத்தின் பெயருக்குக் கீழே கோடு போட்டு 'இவன்தான்' என்று எழுதுகிற கொடுங்கோலர்கள் எல்லா நூலகங்களிலும் உறுப்பினராக இருக்கிறார்கள்.

வாசகர் கருத்து என்றால் பொழுதுபோக்கு அரட்டை என்று தள்ளிவிட வேண்டாம். 1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' சிறுகதை வந்தபோது பெரிய சர்ச்சை கிளம்பியது. மழையில் முன்பின் தெரியாதவன் காரில் ஏறிக் கெட்டு வீடு திரும்பும் மகளை, தலையில் தண்ணீர் ஊற்றி அம்மா ஏற்றுக்கொள்வதைப் பலரால் தாங்க முடியவில்லை. அந்த அம்மா ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்று யோசித்து ஜெயகாந்தன் எழுதியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல். அதற்கு 1972-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சண்டை போட்ட வாசகர்களுக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பது மூன்றாவது விதி. அந்த வாசகரைத் தேடிப் பிடித்துக் கொடுக்கிற வேலையை முக்கால்வாசி இன்னொரு வாசகர்தான் செய்கிறார். அரசு நூலகங்களும் இதை உணராமல் இல்லை. கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் வைத்திருக்கிறார்கள். ஆனால் நவம்பர் 14-ல் தேசிய நூலக வாரம் தொடங்கினால் மேடை, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் என்று நேரம் போய்விடும். அந்த வருடம் முழுக்க அங்கே உட்கார்ந்து படித்தவர் கடைசி வரிசையில் கைதட்டிக்கொண்டிருப்பார்.

2014-ல் தொடங்கிய வாசகசாலை என்ற இலக்கிய அமைப்பு இந்த வரிசையை மாற்றிப்போட்டது. விமர்சகர் பட்டம் இல்லாத, அலுவலகம் முடிந்து பையோடு வந்த வாசகரை எழுந்து நின்று பேசச் சொன்னார்கள். முதல்முறை பேசுபவர் கையில் இருக்கும் தாள் நடுங்கும். கதைச் சுருக்கத்தையே பத்து நிமிடம் சொல்லிவிடுவார். அதனால் என்ன? அடுத்த கூட்டத்தில் அவரே "இந்த இடத்துல எனக்கு ஒட்டலை" என்று தொடங்குவார். ஆழ்வார்பேட்டை டேக் சென்டரில் தமிழ்ப் புத்தக நண்பர்கள் நடத்தும் மதிப்புரைக் கூட்டங்களுக்கும் தனிக் கூட்டம் உண்டு. பொதுவாக ஒன்று சொல்லலாம்: எழுதியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் எந்த அரங்கிலும் நாக்கு கொஞ்சம் வளைந்துதான் கொடுக்கும். அந்த விஷயத்தில் நூலகக் கவுன்டரை அடித்துக்கொள்ள முடியாது.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைப் பற்றிப் பேச்சு வந்தால் தி.நகர், மாம்பலம்வாசிகள் நடையைப் பற்றியோ உத்தியைப் பற்றியோ பேசுவதில்லை. குடத்தோடு நின்ற வரிசையைப் பற்றிப் பேசுகிறார்கள். எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு அடிபம்பில் தண்ணீர் வந்தது, அதற்காக யாரோடு யார் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள் என்ற விவரமெல்லாம் வந்து விழும். நாவலில் வரும் ஜமுனாவும் சாயாவும் அடுத்த வீட்டுப் பெண்களாகிவிடுவார்கள். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்குக் காத்திருந்த நாட்களில் அதைப் படித்தவருக்கும், 2015 டிசம்பர் வெள்ளம் அடையாற்றங்கரை வீடுகளுக்குள் புகுந்த பிறகு படித்தவருக்கும் கையில் இருந்தது ஒரே நாவல் அல்ல. எந்த ஆய்வேட்டிலும் ஏறாத செய்தி இது.

சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாக இந்த வாசகர்களிடமிருந்தும் போகிறது. 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் தொடங்கிவைத்த ஏற்பாடு அது. அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் 'லைப்ரரி ஆர்டர்' வருமா என்று பதிப்பாளர்கள் காத்திருக்கிறார்கள். கிளை நூலகங்களுக்குப் புத்தகக் கட்டுகள் வந்து இறங்குகின்றன. அவற்றில் தேதித்தாளில் ஒரு முத்திரைகூட விழாத புத்தகங்களும், முத்திரை குத்த இடமில்லாமல் இரண்டாம் தாள் ஒட்டிய புத்தகங்களும் ஒரே அலமாரியில் நிற்கின்றன. அடுத்த கொள்முதல் பட்டியல் போடும்போது, வாசகர் வட்டத்தைக் கூப்பிட்டு "இந்த வருஷம் எதையெல்லாம் பாதியில் வைத்தீர்கள்?" என்று கேட்கலாம். செலவு ஒரு டீ, ரெண்டு பிஸ்கட்.