இந்த நினைவகத்தை ஜிபியு தொட முடியுமா?

சிபியுவில் ஒழுங்காக ஓடிய நிரலை ஜிபியுவுக்கு (ஒரே கணக்கை ஏராளமான தரவுகள் மீது ஒரே நேரத்தில் செய்யும் முடுக்கி) மாற்றுகிறீர்கள். ஓட்டியதும், விதிமீறிய நினைவக அணுகல் என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. கணக்கு சரி. தரவு இருக்கும் இடம்தான் சிக்கல்.

ஏன்? தனி அட்டையாக வரும் ஜிபியுவுக்குச் சொந்த நினைவகம் உண்டு. நீங்கள் மாலாக் (நினைவக இடம் ஒதுக்கும் செயற்கூறு) மூலம் வாங்கிய இடமோ சிபியுவின் ராமில் இருக்கிறது. சுட்டி (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) என்பது வெறும் எண். அது எந்தப் பக்கத்து இடம் என்று பார்வைக்குத் தெரியாது.

பிழை வந்த வரியைத் தேடினால் போதாதா? போதாது. என்விடியாவின் ஜிபியு நிரலாக்கத் தளமான கூடாவில் ஜிபியு வேலை முடியும்வரை சிபியு காத்திருப்பதில்லை. அதனால் பிழை பல வரிகள் தள்ளி, சம்பந்தமே இல்லாத இடத்தில் தலைகாட்டும். இந்த இடத்தை ஜிபியு தொட முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவதுதான் நல்லது.

எப்படிக் கேட்பது? இணை நிரலாக்கத் தரமான ஓப்பன்எம்பியின் 2020-இல் வந்த 5.1 பதிப்பில் 'ஓஎம்பி டார்கெட் ஈஸ் ஆக்ஸஸிபிள்' என்ற செயற்கூறு உண்டு. சுட்டி, அளவு, சாதன எண் மூன்றையும் கொடுங்கள். பூஜ்யம் வந்தால் அந்த ஜிபியுவால் நேரடியாகத் தொட முடியாது. அளவாக முழு அணியின் பைட்டுகளையும் கொடுங்கள். முதல் உறுப்பை மட்டும் சோதிப்பது வீண்.

ஓப்பன்எம்பி 4.5-இலேயே 'ஓஎம்பி டார்கெட் ஈஸ் பிரசென்ட்' இருக்கிறதே? அது வேறு கேள்வி: இந்தத் தரவு மேப் (ஜிபியு பக்கத்துப் பிரதியோடு இணைத்தல்) செய்யப்பட்டிருக்கிறதா என்று மட்டும் சொல்லும். தனி அட்டையில் பிரதி இருக்கலாம், மூல முகவரி எட்டாமலும் இருக்கலாம். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரு ஸ்ட்ரக்ட்டை (பல மாறிகளை ஒன்றாகச் சேர்த்த தொகுப்பு) மேப் செய்வார்கள். அதன் உள்ளே இருக்கும் சுட்டி காட்டும் அணியை விட்டுவிடுவார்கள். ஸ்ட்ரக்ட் போய்ச் சேரும், உள்ளே பழைய சிபியு முகவரியோடு. அணியையும் சேர்த்து மேப் செய்யுங்கள்.

கூடாவில்? 'கூடா பாயிண்டர் கெட் ஆட்ரிபியூட்ஸ்' சுட்டியின் வகையைச் சொல்லும். மாலாக் சுட்டிக்கு 11-ஆம் பதிப்பிலிருந்து 'பதிவாகாதது' என்று பதில் வரும். எட்டாது என்று அதற்குப் பொருள் அல்ல. என்விடியாவின் கிரேஸ் ஹாப்பர் போன்ற இயந்திரங்களில் அந்த இடத்தையும் ஜிபியு நேரடியாகப் படிக்கும். 'பேஜபிள் மெமரி ஆக்ஸஸ்' என்ற சாதனப் பண்பையும் சேர்த்துப் பாருங்கள்.

எட்டும் என்றால் வேகமாக இருக்குமா? இதில் கவனம் தேவை. சிபியுவையும் ஜிபியு அட்டையையும் இணைக்கும் நான்காம் தலைமுறை பிசிஐஇ எக்ஸ்16 வழியாக ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 32 ஜிபிதான் வரும். 40 ஜிபி என்விடியா ஏ100 அட்டையின் சொந்த நினைவகமோ நொடிக்கு 1,555 ஜிபி தரும். ஒரே அணியைத் திரும்பத் திரும்பப் படிப்பதானால், எட்டினாலும் நகலெடுங்கள். ஒருமுறை மட்டும் படிப்பதானால் அப்படியே விடலாம். சிபியுவும் ஜிபியுவும் ஒரே நினைவகத்தைப் பகிரும் ஏஎம்டி எம்ஐ300ஏ-யில் நகலெடுப்பதே வீண் செலவு.

சோதனையை எங்கே வைப்பது? இடம் ஒதுக்கியவுடன், ஒருமுறை. விடையை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். சுழற்சிக்குள் கேட்க வேண்டாம். இடத்தை விடுவித்து மறுபடி ஒதுக்கினால் மட்டும் புதிதாகக் கேளுங்கள்.