முதியோர் இல்லத்தில் நம் பெற்றோர்: கண்டும் காணாமல் விடக்கூடாத அறிகுறிகள்

வாப்பாவையோ உம்மாவையோ முதியோர் இல்லத்தில் சேர்த்திருப்பதை நம்மில் பலர் வெளியே சொல்வதில்லை. மகன்கள் வளைகுடாவில் இருப்பார்கள், மகள் புகுந்த வீட்டில் இருப்பாள். படுத்த படுக்கையான உம்மாவைத் தூக்கி உட்கார வைக்க வீட்டில் ஆள் இருக்காது. அப்படிப்பட்ட குடும்பங்களைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. ஆனால் சேர்த்ததை மறைக்கும் வெட்கத்தில், அங்கே என்ன நடக்கிறது என்று விசாரிக்காமலும் இருந்து விடுகிறோம். பெற்றோரிடம் சலிப்பான ஒரு சொல்கூட கூடாது என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது (அல்குர்ஆன் 17:23). நாம் சொல்லக்கூடாத சொல்லைக் கூலிக்கு வந்த ஒருவர் சொல்லும்போது மட்டும் எப்படி விட்டுவிட முடியும்?

இது எங்கோ அபூர்வமாக நடப்பதல்ல. முதியோர் இல்லப் பணியாளர்களிடம் கேட்டதில், மூன்றில் இருவர் கடந்த ஓராண்டில் தாங்கள் முறைகேடாக நடந்துகொண்டதை ஒப்புக்கொண்டதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அடிப்பது மட்டுமே கொடுமை அல்ல. நேரத்துக்குத் தண்ணீர் தராததும், ஈரத் துணியை மாற்றாமல் விடுவதும் கொடுமைதான்.

முதலில் பார்க்க வேண்டியது படுக்கைப்புண். பார்க்கப் போகிறவர்கள் முகத்தையும் கையையும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறோம். புண் வருவது முதுகின் அடிப்பகுதியிலும் இடுப்பிலும் குதிகாலிலும். போர்வையை விலக்கிப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை என்றால் அது புண்ணின் தொடக்கம். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தை விடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். மிகவும் நலிந்த நோயாளிக்கு நல்ல கவனிப்பிலும் சில நேரம் புண் வரும் என்பது உண்மை. அதனால் கோபப்படும் முன், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பார்கள். பதில் தடுமாறினால் விஷயம் புரிந்துவிடும்.

வளையல் தொளதொளவென்று ஆவது, வாய் உலர்ந்து சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது, மணிக்கட்டில் கட்டிய தடம், மேற்கையில் விரல் பதிந்த கன்றிப்போன அடையாளம், எப்போது போனாலும் தூக்கம், எதற்கென்று தெரியாத கைநாட்டு, இவற்றையும் கவனியுங்கள். உம்மாவை ஆண் பணியாளர் குளிப்பாட்டினால் அவர் கூனிக் குறுகிப் போவார். நம்மிடம் வாய் திறந்து சொல்லவும் மாட்டார்.

வீடியோ காலை மட்டும் நம்பாதீர்கள். போனைப் பிடித்திருப்பவரே அந்தப் பணியாளராக இருப்பார். உள்ளூர் உறவினர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல், வெவ்வேறு நேரங்களில் போகட்டும். பணியாளரை வெளியே அனுப்பிவிட்டுப் பேசட்டும். பேச முடியாதவர், குறிப்பிட்ட ஒருவர் அறைக்குள் வந்ததும் ஒடுங்குகிறாரா என்று பார்க்கட்டும்.

சந்தேகம் வந்தால் அங்கேயே கத்திவிட்டு வந்துவிடாதீர்கள். நாம் போன பிறகு அந்த இரவை அவர்தான் அங்கே கழிக்க வேண்டும். காயத்தைத் தேதியோடு படம் எடுங்கள், மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், வெளி மருத்துவரிடம் காட்டி எழுத்தில் பெறுங்கள். பிறகு நிர்வாகத்திடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். சரியான பதில் இல்லையென்றால் மாவட்ட சமூகநல அலுவலகத்துக்குப் போகலாம். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567; காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம், கட்டணம் இல்லை. அடி, பாலியல் தொல்லை, உயிருக்கு ஆபத்து என்றால் காத்திருக்காமல் 112. 'அனுசரித்துப் போங்கள் உம்மா' என்று மட்டும் சொல்லி விடாதீர்கள்.

சட்டம் நம் பக்கமும் பார்க்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டப்படி, பொறுப்பில் உள்ள முதியவரை முற்றிலுமாகக் கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். மாதப் பணம் அனுப்புவதோடு நம் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

இடம் மாற்றுவது என்று முடிவானால், புதிய இல்லத்தில் கட்டணத்தையும் ஹலால் உணவையும் தொழுகை இடத்தையும் விசாரிப்பதோடு, இரவில் எத்தனை முதியவர்களுக்கு ஒரு பணியாளர் என்றும் கேளுங்கள். முடிந்தால் ஓர் இரவு ஒன்பது மணிக்கு மேல் போய் நீங்களே எண்ணிப் பாருங்கள்.