அருகிலிருந்தும் தொலைவான அகர்தலா

கொல்கத்தாவிலிருந்து அகர்தலாவுக்கு நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 320 கிலோமீட்டர். ஜெட் விமானம் முழு வேகத்தில் பறந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆயினும் அட்டவணையில் ஒரு மணி நேரம் என்றோ, சற்றுக் கூடுதலாகவோதான் இருக்கும். நிறுத்துமிடத்திலிருந்து புறப்பட்டது முதல் சேருமிடத்தில் நிற்பது வரையுள்ள நேரத்தையே அட்டவணை கணக்கிடுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், இறங்குவதும் அதில் அடக்கம். இத்தனை குறுகிய வழித்தடத்தில் விமானம் தன் முழு வேகத்தை எட்டிய சிறிது நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும்.

இதே இரு நகரங்களுக்கிடையே ரயிலில் செல்வோர் கடக்கும் தொலைவோ ஏறத்தாழ 1,550 கிலோமீட்டர். வடக்கே சிலிகுரி சென்று, அங்குள்ள குறுகிய நிலப்பகுதியைக் கடந்து, குவாஹாட்டி, லம்டிங், பதர்பூர் வழியாக மீண்டும் தெற்கே இறங்க வேண்டும். ஒன்றரை நாளுக்கு மேலாகிறது. இந்தச் சுற்றுக்குக் காரணம் மலையோ ஆறோ அன்று. 1947இல் வரையப்பட்ட எல்லைக்கோடு. அதற்கு முன்னர் அகர்தலா மக்களுக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலிருந்த அகௌரா நிலையமே ரயிலடியாக இருந்தது. இன்று அது வங்கதேசத்தில் உள்ளது. அகர்தலாவுக்கு ரயில் வந்தது 2008இல்தான், அகலப்பாதை 2016இல்.

எனவே திரிபுரா மக்களுக்கு விமானம் ஆடம்பரமன்று. உயர்சிகிச்சைக்காகக் கொல்கத்தா செல்லும் நோயாளிக்கு அந்த ஒரு மணி நேரமே வழி. 2022 மே மாதத்தில் ஹாஃப்லாங் மலைப்பகுதியில் ஏற்பட்ட நிலச்சரிவு, ரயில் பாதையைப் பல வாரங்கள் துண்டித்தது. அத்தகைய வேளைகளில் பயணச்சீட்டின் விலை எவ்வளவு என்று கேட்கும் நிலையில் எவரும் இருப்பதில்லை. இடம் கிடைக்குமா என்பதே கேள்வி. மருத்துவச் செலவுக்கென ஒதுக்கும் சேமிப்பில் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்குமான விமானக் கட்டணத்தையும் சேர்த்தே கணக்கிடுமாறு அப்பகுதி வாடிக்கையாளர்களுக்கு நாம் சொல்வது இதனால்தான்.

வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் அந்த ஒரு மணி நேரம் நான்கு மணி நேரமாகலாம். மகாராஜா பீர் பிக்ரம் விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில், எல்லையை ஒட்டியே அமைந்துள்ளது. அதன் புதிய முனையம் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. பயணியர் பதிவு முகப்பு முன்னதாகவே மூடப்படுவதால் ஒன்றரை மணி நேரம் முன்பாவது அங்கே இருத்தல் நலம். கொல்கத்தாவில் இறங்கியபின் டம்டமிலிருந்து நகரின் தெற்கேயுள்ள மருத்துவமனைகளை அடைய மாலை நெரிசலில் ஆகும் நேரம், சில நாட்களில் பறந்த நேரத்தையும் விஞ்சிவிடும்!

டாக்கா வழியாகச் செல்லும் கொல்கத்தா–அகர்தலா பேருந்து 2015இல் தொடங்கப்பட்டது. அவ்வழியே தொலைவு சுமார் 500 கிலோமீட்டர், ஆனால் கடவுச்சீட்டும் விசாவும் தேவை. அகர்தலா–அகௌரா ரயில் இணைப்பும் 2023 நவம்பரில் தொடங்கி வைக்கப்பட்டது. அவ்வழியே கொல்கத்தாவுக்குச் செல்லும் வழக்கமான பயணிகள் ரயிலை அகர்தலா மக்கள் எதிர்நோக்கியுள்ளனர்.