மறதிக்கு மருந்தான சிறு கட்டளைகள்

கதிரை செய்யும் தச்சன் அதன் நான்கு கால்களையும் நான்கு முறை அளந்து அறுப்பதில்லை. முதற் காலுக்குரிய அளவிலே ஒரு மரத்துண்டை நறுக்கி வைத்துக்கொள்கிறான். பின்வரும் கால்கள் யாவற்றுக்கும் அத்துண்டே அளவாகும். அதனை எவரும் விலைகொடுத்து வாங்கார். கதிரையுடன் அது சந்தைக்குப் போவதுமில்லை. ஆயினும் கதிரை ஆடாமல் நிற்பதற்கு அத்துண்டே காரணம்.

கணினிக்கு நிரல் எழுதுவோரிடமும் இத்தகைய துண்டுகள் உண்டு. அவற்றை ஸ்கிரிப்ட் என வழங்குவர். தமிழிற் கட்டளைக் கோவை எனலாம். நாள்தோறும் விசைப்பலகையில் தட்டும் கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி, அக்கோப்புக்கு ஒரு பெயரும் இட்டுவிட்டால், பின்னர் அப்பெயரை மட்டும் தட்டினாற் போதும். கணினி அவ்வரிசை முழுவதையும் தானே செய்து முடிக்கும். இவ்வளவே அதன் தத்துவம். இவ்வெளிய கருவி எவ்வாறு தோன்றிற்று, அதனைப் பயன்படுத்தும் முறை யாது என்பன அறியத்தக்கவை.

1950களில் நிரலாளர் தம் நிரலைத் துளையிட்ட அட்டைகளிற் பதித்து, கணினி அறைப் பணியாளரிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருந்தனர். விடை வருவதற்குப் பல மணி நேரம் செல்லும். சிலவேளை மறுநாளே வரும். ஓர் எழுத்துப் பிழைத்திருப்பினும் அக்காத்திருப்பு முழுவதும் வீணே. 1961 நவம்பரில் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திற் பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவருடைய குழுவினரும் செய்துகாட்டிய நேரப்பகிர்வு முறை இந்நிலையை மாற்றிற்று. ஒரு கணினியைப் பலர் ஒரே வேளையிற் பயன்படுத்தவும், கட்டளையைத் தட்டியவுடன் மறுமொழியைப் பெறவும் வழி பிறந்தது. நிரலாக்கம் கடிதப் போக்குவரத்தாக இருந்த நிலை மாறி உரையாடலாயிற்று.

உரையாடலோடு புதியதொரு சலிப்பும் வந்தது. அதே கட்டளைகளைத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டியதாயிற்று. அக்கழகத்திற் பணியாற்றிய பிரெஞ்சுக்காரரான லூயி பூசான், 1960களின் முற்பகுதியில் ரன்கொம் என்னும் சிறு நிரலை ஆக்கினார். ஒரு கோப்பிலுள்ள கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து இயக்குவதே அதன் தொழில். கட்டளைகளை ஏற்று இயக்கும் நிரலுக்கு ஷெல் என்னும் பெயரைச் சூட்டியவரும் அவரே.

அடுத்த படி நியூ ஜேர்சியிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் நிகழ்ந்தது. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்துவதுபோல் நிரல்களையும் பொருத்த வழி வேண்டும் என்று 1964 அக்டோபரில் டக்ளஸ் மக்கில்ராய் ஒரு குறிப்பு எழுதினார். 1973இற் கென் தொம்சன் அவ்வழியை யுனிக்ஸ் என்னும் இயக்குமுறையிற் சேர்த்தார். அதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு கட்டுரையின் எழுத்துப் பிழைகளைக் காணவேண்டுமாயின், முதல் நிரல் கட்டுரையைச் சொற்களாகப் பிரிக்கும். இரண்டாவது அச்சொற்களை அகரவரிசைப்படுத்தும். மூன்றாவது, ஒரே சொல் பலமுறை வருமாயின் ஒன்றை மட்டும் நிறுத்தும். நான்காவது அப்பட்டியலை அகராதியோடு ஒப்பிடும். அகராதியிற் காணப்படாத சொற்களே எஞ்சி நிற்கும். நான்கு நிரல்களுள் எதுவும் பிழை திருத்துவதற்கென ஆக்கப்பட்டதன்று. அவற்றின் சேர்க்கையே அவ்வேலையைச் செய்தது.

அதே ஆய்வுகூடத்தில் 1976இல் நிகழ்ந்த சிறு சம்பவம் ஒன்று இத்துறையிற் பெயர்பெற்றது. பெரிய நிரல் பல கோப்புக்களாக எழுதப்படும். மனிதர் எழுதும் மூலக்கோப்பு ஒவ்வொன்றும் இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டு, பின்னர் யாவும் ஒன்றாக இணைக்கப்படும். ஸ்டீவ் ஜோன்சன் என்னும் நிரலாளர் தம் நிரலில் இருந்த பிழையைத் திருத்திவிட்டார். திருத்திய கோப்பை இயந்திர மொழிக்கு மாற்ற மறந்துவிட்டார். ஆதலாற் கணினி பழைய வடிவத்தையே இயக்கிக்கொண்டிருந்தது. இல்லாத பிழையைத் தேடி அவர் ஒரு காலைப்பொழுதை இழந்தார்.

சினத்தோடு வந்த அவருடைய முறைப்பாட்டைக் கேட்ட ஸ்டுவர்ட் பெல்ட்மன், அவ்வார இறுதியிலேயே மேக் என்னும் கருவியை ஆக்கினார். எக்கோப்பு எதனைச் சார்ந்தது என்பதை ஒருமுறை எழுதிவைத்தாற் போதும். மூலக்கோப்பு மாற்றப்பட்ட நேரத்தையும் அதன் இயந்திர வடிவம் ஆக்கப்பட்ட நேரத்தையும் மேக் ஒப்பிடும். மூலம் பிந்தியதாயின் அதனை மட்டும் மீண்டும் மாற்றும். இதனால் மறதியும் நீங்கிற்று. வீண் வேலையும் குறைந்தது. இக்கருவிக்காக ஏ.சி.எம். எனப்படும் கணினியியற் சங்கம் 2003ஆம் ஆண்டுக்குரிய மென்பொருள் முறைமை விருதை அவருக்கு வழங்கிற்று.

அக்கருவியிலும் ஒரு குறை உண்டு. அதன் கட்டளை வரிகள் தாப் என்னும் விசையால் இடும் வெற்றிடத்தோடு தொடங்க வேண்டும். சாதாரண வெற்றிடங்களை இட்டாற் கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. கருவியோ ஏற்க மறுக்கும். பெல்ட்மன் இதனைச் சில வாரங்களிலேயே உணர்ந்தார். ஆயினும் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் அதனைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். அவர்களுக்குத் தொல்லை தர விரும்பாமல் அவர் அதை மாற்றாது விட்டார். அப்பன்னிருவரின் வசதிக்காக விடப்பட்ட குறை, பிற்காலத்து எண்ணிறந்த நிரலாளரையும் இடறச் செய்தது. தனக்கு மட்டும் என எழுதும் சிறு கருவியும் பிறர் கைக்குப் போய்ச் சேரும். குறையைக் கண்ட அன்றே திருத்துவது நன்று.

கட்டளைக் கோவை எழுதுவோர் மனங்கொள்ளத்தக்கவை வேறும் சில உண்டு. ஒரே கட்டளை வரிசையை மூன்றாம் முறை தட்ட நேர்ந்தால், அதனைக் கோப்பில் எழுதும் காலம் வந்துவிட்டது எனலாம். ஒருமுறையோடு முடியும் வேலைக்குக் கோவை எழுதுதல் வீண். கோப்பைச் சேமித்தவுடனே சோதனைகள் தாமாக இயங்குமாறு செய்தால், பிழை செய்த கை ஓய்வதற்குள் பிழை தெரிந்துவிடும். கோவையின் தலைப்பில் அதன் நோக்கத்தை ஒரு வரியில் எழுதி, நிரலோடு சேர்த்தே பாதுகாத்தல் வேண்டும்.

யாவற்றினும் முக்கியமானது, ஒரு படி தவறினால் அடுத்த படிக்குச் செல்லாது நிற்கும்படி எழுதுவதாகும். தற்காலிகக் கோப்புக்கள் உள்ள அடைவுக்குப் போ, அங்குள்ளவற்றை அழி என்னும் இரு கட்டளைகளை எண்ணிப் பார்க்கலாம். அடைவின் பெயர் பிழைத்து முதற் கட்டளை தவறினாலும், கணினி இரண்டாவதைத் தவறாது செய்யும். நின்ற இடத்திலுள்ள கோப்புக்களே அழியும். பல நாள் உழைப்பு ஒரு நொடியிற் போய்விடும். ஆகவே அழிக்கும் கோவை எதுவும், முதலில் எவற்றை அழிக்கப்போகிறது என்பதைக் காட்டிவிட்டு, அனுமதி பெற்ற பின்னரே செயற்படுதல் வேண்டும்.

ஜோன்சன் காலைப்பொழுதை இழந்தது அறிவுக் குறைவாலன்று. ஒரு படியை மறந்ததனாலேயே. மறவாமை இயந்திரத்துக்கு எளிது, மனிதனுக்கு அரிது. எதை அழிக்கலாம், எதை அழிக்கக்கூடாது என்று தெளிவது மனிதனுக்கே உரியது. எழுதிவைக்கக் கூடியதை இயந்திரத்திடம் ஒப்படைத்தவர், தம் கவனத்தை அத்தெளிவுக்கென மிச்சப்படுத்திக்கொள்கிறார்.